திருமதி ராம்சேயை விட்டுவிட்டு லில்லியைப் பாருங்கள்

வர்ஜீனியா வுல்ஃபின் 'டு த லைட்ஹவுஸ்' (1927) நாவலில் பெண்ணியம் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள். கணவருக்குப் பணிவிடை செய்துகொண்டு, ஊரில் எல்லோருக்கும் கல்யாணம் முடித்துவைக்கத் துடிக்கும் திருமதி ராம்சேயிடம் பெண்ணியம் எங்கே இருக்கிறது, கட்டுரை பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். ஆள் மாறித் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்; பார்க்க வேண்டியது அவர்கள் வீட்டு விருந்தாளியான ஓவியர் லில்லியை. நாவலின் முதல் பகுதியில் வரும் இரவு விருந்தை இன்னொரு தடவை மெதுவாகப் படியுங்கள். பெண்களுக்கு எழுதவும் வராது வரையவும் வராது என்று சொன்ன இளம் விருந்தாளி டான்ஸ்லி, பேச்சுக்குள் நுழைய வழி தெரியாமல் தவிக்கிறான். அவனுக்குக் கைகொடுப்பது பெண்ணின் கடமை என்று லில்லிக்குத் தெரியும், ஆனாலும் செய்யாவிட்டால் என்னதான் ஆகிவிடும் என்று சும்மா இருந்து பார்க்கிறாள். கடைசியில் திருமதி ராம்சேயின் பார்வைக்காக விட்டுக்கொடுக்கிறாள், சரி. ஆனால் அதே மேஜையில், தன் ஓவியத்தில் மரத்தை நடுவுக்கு நகர்த்த வேண்டும் என்பது மறக்காமலிருக்க, உப்புக் கிண்ணத்தை எடுத்து விரிப்பின் பூவேலைமேல் வைக்கிறாளே, அங்கிருந்து கட்டுரையைத் தொடங்குங்கள். அப்புறம் மூன்றாம் பகுதியில், மனைவியை இழந்த ராம்சே அனுதாபத்துக்காக வந்து நிற்கும்போது, லில்லி அதைத் தராமல் அவருடைய பூட்ஸைப் பாராட்டுகிறாள் (எனக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்). பெண்களும் எழுத்தும் பற்றி வுல்ஃப் எழுதிய 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' கட்டுரை நூலிலிருந்து மேற்கோளை எல்லோரும்தான் போடுவார்கள், உங்களுக்கு ஒரு வரி போதும்.