காய்ச்சலால் லீவு: 'பை' போடலாமா?

கேள்வி: லீவு மெயிலில் 'ஐ குட் நாட் கம் டு ஆபீஸ் பை ஃபீவர்' என்று எழுதினேன். 'பை' தப்பு என்றார் டீம் லீடர். 'ட்யூ டு' போடச் சொல்கிறார் ஒருவர், 'பிகாஸ் ஆஃப்' என்கிறார் இன்னொருவர். காரணம் சொல்ல எதைத்தான் போடுவது?

பதில்: டீம் லீடர் சொன்னது சரிதான். ஆனால் தப்பு முழுக்க உங்களுடையது இல்லை, பாதிப் பங்கு நம் 'ஆல்' உருபுக்கு உண்டு. கத்தியால் வெட்டினான், கண்ணனால் எழுதப்பட்டது, காய்ச்சலால் வரவில்லை: கருவி, ஆள், காரணம் மூன்றையும் அந்த ஒரே உருபு சுமக்கிறது. பள்ளியில் செயப்பாட்டுவினை நடத்தும்போது 'ஆல் என்றால் பை' என்று மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். அது ஆளுக்குத்தான் பொருந்தும். கத்திக்கே 'வித்' வந்துவிடும். காரணத்துக்கு 'பை' அநேகமாக வராது. 'பை மிஸ்டேக்', 'பை சான்ஸ்' போன்றவை அப்படியே பழகிப்போன தொடர்கள்.

உங்கள் மெயிலில் 'பிகாஸ் ஆஃப் ஃபீவர்' என்றே போடுங்கள். 'ட்யூ டு' எழுதினாலும் இன்று யாரும் குறை சொல்வதில்லை. பழைய இலக்கணக்காரர்கள் மட்டும் அதைப் பெயர்ச்சொல்லோடுதான் சேர்ப்பார்கள்: 'தி டிலே வாஸ் ட்யூ டு ரெயின்'. 'ஆஃப்' இல்லாத வெறும் 'பிகாஸ்' போட்டால் பின்னால் முழு வாக்கியம் வர வேண்டும்: 'பிகாஸ் ஐ ஹேட் ஃபீவர்'. 'பிகாஸ் ஃபீவர்' என்று நிறுத்தினால் அது வாட்ஸ்அப் பாஷை.

மற்ற இடங்களில் அந்தக் காரணம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உடம்பிலேயே தெரிகிறதா? 'வித்'. குளிரால் நடுங்கினான் என்பது 'ஹி வாஸ் ஷிவரிங் வித் கோல்ட்'. பயத்தில் வெளிறிய முகத்துக்கும் அதே 'வித்'. மனசுக்குள் இருந்து செய்யத் தூண்டியதா? 'அவுட் ஆஃப்'. இரக்கப்பட்டுக் கொடுத்தாள் என்றால் 'ஷி கேவ் இட் அவுட் ஆஃப் பிட்டி'. நோயால் இறந்ததற்கு 'டைட் ஆஃப் கேன்சர்', காயத்தால் என்றால் 'டைட் ஃப்ரம் ஹிஸ் இன்ஜுரீஸ்'. நோய்க்கும் 'ஃப்ரம்' போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆனால் 'சஃபர்' என்ற வினைக்கு, நோய் எதுவானாலும் 'ஃப்ரம்'தான். 'சஃபரிங் வித் ஃபீவர்' என்று நம் ஊர் லீவு லெட்டர்களில் பார்த்துப் பார்த்து எனக்கே பழகிவிட்டது, இருந்தாலும் அங்கே 'ஃப்ரம்' போடுவதே நல்லது.

'ஃபார்' விஷயத்தில் தமிழே கைகொடுக்கும். திருநெல்வேலி அல்வாவுக்குப் பேர்போன ஊர், 'ஃபேமஸ் ஃபார் அல்வா'. உதவியதற்கு நன்றி, 'தேங்க்ஸ் ஃபார் யுவர் ஹெல்ப்'. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் கட்டினாலும் அதே 'ஃபார்'தான். பாராட்டு, நன்றி, தண்டனை, புகழ் என்று வரும் இடத்தில், அதற்கான காரணத்தோடு தமிழில் 'கு', 'க்காக' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'ஃபார்' போடலாம். 'ரீசன்' என்ற சொல்லோடும் 'ஃபார்'தான் வரும். 'காஸ்' (cause) என்று எழுதினால் மட்டும் 'ஆஃப்': 'ரீசன் ஃபார் தி டிலே', 'காஸ் ஆஃப் தி ஃபயர்'.

அப்புறம், இவ்வளவும் யோசிக்க முடியாத அளவுக்குக் காய்ச்சல் அடித்தால், உருபே வேண்டாம்: 'ஐ ஹேவ் ஃபீவர், ஸோ ஐ ஆம் டேக்கிங் லீவ் டுடே'.