நீயோ, பெரும!

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசகர் வட்டத்தில் புறநானூறு வாசிக்கிறோம். புலவர்கள் அரசனை 'நீ' என்றே சொல்கிறார்கள். அது மரியாதைக் குறைவாகப் படவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்னொன்று, எங்கள் கூட்டத்தில் பேச ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை அழைத்துக் கடிதம் எழுதியிருக்கிறேன். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கினேன். உள்ளே 'நீங்கள்', 'தாங்கள்' இரண்டும் மாறி மாறி வந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது?

அன்புடன்,
க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

புறநானூற்றின் 2ஆம் பாட்டைப் பாருங்கள். முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமானை 'வான வரம்பனை நீயோ பெரும' என்கிறார். 'நீ' வந்த கையோடு 'பெரும', அதாவது 'பெருமானே', வந்துவிடுகிறது. மரியாதை முழுவதையும் அந்த விளி, அதாவது அழைக்கும் சொல், ஏற்றுக்கொள்வதால் 'நீ' உறுத்துவதில்லை. 'அன்' என்று முடியும் பெயர் விளியில் 'ஆ' ஆகும், அருகில் இருப்பவரை அழைத்தால் 'அ' ஆகும் என்பது தொல்காப்பியத்தின் விளிமரபு: சோழன், சோழா, சோழ. 'பெரும' அந்த அண்மை விளி. அரசனின் எதிரில் நின்று சொல்லும் சொல்.

ஒருவரைப் பன்மையில் சொல்வதும் பழைய பழக்கம்தான். தொல்காப்பியமே அதை 'வழக்கினாகிய உயர்சொற் கிளவி' என்று குறித்து, இலக்கண நெறி அன்று என்கிறது. புலவர்கள் அதைத் தேடிப் போகவில்லை.

கடிதத்தில் விளி என்ன செய்யும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தை விட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மாதவி கோவலனுக்கு இரண்டு முறை எழுதுகிறாள். வேனிற்காதையில் தாழை மடலில் எழுதும் முதல் முடங்கல் (கடிதம்) இளவேனிலையும் திங்களையும் பேசுகிறது; அவனை எந்தச் சொல்லாலும் அழைப்பதில்லை. அவன் அதை வாங்க மறுக்கிறான். புறஞ்சேரி இறுத்த காதையில் கோசிக மாணி என்ற அந்தணன் கொண்டுவரும் அவளுடைய இரண்டாம் ஓலை 'அடிகள் முன்னர் யான் அடிவீழ்ந்தேன்' என்று தொடங்கி, 'பொய்தீர் காட்சிப் புரையோய் போற்றி' என்று முடிகிறது. படித்த கோவலன், என் தந்தைக்கும் இந்த வாசகம் பொருந்தும் என்று சொல்லி அதே ஓலையைப் பெற்றோருக்குக் கொடுத்தனுப்புகிறான். 'அடிகள்' என்பதையும் 'புரையோய்' (உயர்ந்தவரே) என்பதையும் ஒரு மகன் தகப்பனிடம் சொல்லலாம். மாதவி அதைக் 'காதல' என்று தொடங்கியிருந்தால் அந்த ஓலை கோவலன் கையிலேயே நின்றிருக்கும். இளங்கோவின் இந்த நுட்பத்தை எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை.

இனி உங்கள் கடிதம். 'ஐயா' விளி, 'அவர்களுக்கு' நான்காம் வேற்றுமை. இரண்டையும் ஒட்டவைக்காமல், மேலே 'திரு. இன்னார் அவர்களுக்கு' என்று பெயரோடு எழுதி, அடுத்த வரியில் 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்' என்று தொடங்குங்கள். 'ஐயா அவர்கள் வந்து சிறப்பிக்க வேண்டும்' என்று நடுவில் எழுதாதீர்கள். எதிரில் இருப்பவர் அங்கே படர்க்கைக்குப் போய்விடுகிறார். அடுத்த வாக்கியத்தில் 'உங்கள் வசதிப்படி' என்றதும் வேறு யாரையோ அழைப்பதுபோல் ஆகிவிடும்.

'தாங்கள்' என்று தொடங்கினால் 'உங்கள்', 'உங்களுக்கு', 'உங்களை' எல்லாம் 'தங்கள்', 'தங்களுக்கு', 'தங்களை' என்று மாற வேண்டும். வினைமுற்று மாறாது: தாங்கள் சொன்னீர்கள். வம்பு எங்கே வருகிறதென்றால், 'தங்கள்' படர்க்கைக்கும் உரியது. 'உறுப்பினர்கள் தங்கள் நூலைப் படித்து வருவார்கள்' என்றால் யார் எழுதிய நூல்? ஆசிரியருடையதா, அவரவர் கையில் இருப்பதா? இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 'நீங்கள்' பக்கம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று அழைத்த பிறகு 'நீங்கள்' போதும். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். அவர் பழைய முறையை எதிர்பார்ப்பவர் என்று தெரிந்தால் 'தாங்கள்' எழுதுங்கள், ஆனால் மேலே சொன்ன மாதிரி வாக்கியங்களை 'தாங்கள் எழுதிய நூலை உறுப்பினர்கள் படித்து வருவார்கள்' என்று திருப்பிப் போடுங்கள்.

முடிவில் 'தங்கள் உண்மையுள்ள' வேண்டாம். அது அலுவலக மனுவுக்கு உரியது. 'வணக்கத்துடன்' என்று எழுதி, கீழே முழுப்பெயரும் வாசகர் வட்டத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் போடுங்கள்.