உலகக் கணக்கில் நம் வயல் ஏறுமா? – வாசகர் கேள்வி பதில்

அங்கக (ஆர்கானிக்) வேளாண்மைப் புள்ளிவிவரங்களைப் பற்றிப் புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உலகில் ஏறக்குறைய 10 கோடி ஹெக்டேரில் அங்கக வேளாண்மை நடப்பதாக நாளிதழில் படித்தேன். பல ஆண்டுகளாக இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாமல் நெல் பயிரிட்டு வருகிறேன். என்னிடம் இதுவரை எவரும் வந்து விவரம் கேட்டதில்லை. இந்தக் கணக்கை எடுப்பவர்கள் யார்? என் வயல் அதில் இருக்கிறதா? (விவசாயி, பாகூர்)

பதில்: உங்களிடம் அங்ககச் சான்றிதழ் இல்லையென்றால் உங்கள் வயல் அந்தக் கணக்கில் இல்லை. தாங்கள் படித்த எண், சுவிட்சர்லாந்தின் ஃபிரிக் நகரில் இயங்கும் அங்கக வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும், ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஃபோம் என்னும் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து வெளியிடும் ஆண்டறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் வெளிவரும் இந்த அறிக்கை, பிப்ரவரி மாதத்தில் நியூரம்பெர்க் நகரில் நடக்கும் பயோஃபாக் வணிகக் கண்காட்சியில் வெளியிடப்படுவது வழக்கம். 1999ஆம் ஆண்டுக்கு 1.1 கோடி ஹெக்டேர் என்று தொடங்கிய இந்தக் கணக்கு, 2023ஆம் ஆண்டுக்கு 188 நாடுகளில் 9.89 கோடி ஹெக்டேர் என்றும், உற்பத்தியாளர்கள் ஏறக்குறைய 43 லட்சம் பேர் என்றும் காட்டுகிறது. இவ்வளவு வளர்ந்த பிறகும் அது உலகின் மொத்த வேளாண் நிலத்தில் 2.1 விழுக்காடுதான்.

இதற்காக எந்த நாட்டிலும் எவரும் வயல் வயலாகச் செல்வதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அரசுத் துறை, சான்றளிக்கும் அமைப்பு, தனியார் அமைப்பு என எவரிடம் விவரம் இருக்கிறதோ அவரிடமிருந்து ஆண்டுதோறும் விவரங்களைக் கேட்டுப் பெற்று, முந்தைய ஆண்டு விவரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தொகுக்கிறார்கள். ஒரு நாட்டிலிருந்து புதிய விவரம் வராவிட்டால் பழைய எண்ணே மறுபடியும் இடம்பெறுவதும் உண்டு. ஆகவே இது சான்றிதழ்களின் தொகுப்பே தவிர, உழவர்களின் தொகுப்பு அன்று. நம்முடைய வருவாய்க் கணக்கும் இதில் உதவாது. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பயிரின் பெயரும் பரப்பும் பாசன ஆதாரமும் இருக்கும். பயிர் எந்த முறையில் விளைந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. தாங்கள் இரசாயனத்தை விட்டு எத்தனை ஆண்டுகள் ஆகியிருந்தாலும், காகிதத்தில் தங்கள் நெல்லும் அடுத்த வயலின் நெல்லும் ஒன்றுதான்.

கேள்வி: எங்கள் முந்திரித் தோப்பை அங்கக முறைக்கு மாற்றப் பதிவு செய்துள்ளோம். இன்னும் முழுச் சான்று கிடைக்கவில்லை. கணக்கில் சேர்வோமா? (பண்ருட்டி வாசகர்)

பதில்: சேர்வீர்கள். இந்திய விதிகளின்படி பருவப் பயிருக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகளும், முந்திரி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகளும் மாறுதல் காலம் உண்டு. அந்தக் காலத்தில் உள்ள நிலத்தையும் உலக அறிக்கை மொத்தப் பரப்பில் சேர்த்தே காட்டுகிறது. ஆனால் விளைபொருளை முழு அங்ககப் பொருள் என்று விற்க இயலாது. பரப்பு கூடியும் சந்தைக்கு வரும் சரக்கு கூடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அங்கக நிலப்பரப்பில் ஆஸ்திரேலியா முதலிடம் என்கிறார்கள். விவசாயிகள் எண்ணிக்கையில் இந்தியா முதலிடம் என்கிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாகும்? (பள்ளி ஆசிரியை, நெல்லிக்குப்பம்)

பதில்: இரண்டும் உண்மையே. 2023ஆம் ஆண்டுக் கணக்கில் ஆஸ்திரேலியாவுக்கு 5.3 கோடி ஹெக்டேர். உலகப் பரப்பில் பாதிக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி உழவு காணாத, ஆடுமாடு மேயும் வறண்ட புல்வெளி. 2021ஆம் ஆண்டில் 7.64 கோடி ஹெக்டேராக இருந்த உலகப் பரப்பு மறு ஆண்டில் 9.64 கோடியாக உயர்ந்ததைப் பார்த்து, உலகமே அங்ககத்துக்கு மாறிவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. அந்த உயர்வில் 1.7 கோடி ஹெக்டேருக்கு மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டுமே வந்தது. மொத்தப் பரப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தலையங்கம் எழுதுவதை நம் இதழ்கள் நிறுத்திக்கொண்டால் நல்லது.

அதே 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் ஏறக்குறைய 45 லட்சம் ஹெக்டேரில் 23.6 லட்சம் உற்பத்தியாளர்கள். சராசரியாக ஒருவருக்கு 2 ஹெக்டேருக்கும் குறைவு, அதாவது ஐந்து ஏக்கருக்குள். சிறு உழவர்கள் தனித்தனியே சான்றுக் கட்டணம் செலுத்த இயலாததால் குழுவாகச் சேர்ந்து சான்று பெறுகிறார்கள். எனவே ஒரே குழு சான்றைப் புதுப்பிக்காமல் விட்டால், நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே ஆண்டில் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அவர்கள் வயலில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை.

இந்திய எண்ணில் இன்னொரு நுட்பமும் உண்டு. மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடா நடத்தும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், 2024 மார்ச் இறுதியில் மொத்தம் ஏறக்குறைய 73 லட்சம் ஹெக்டேர் பதிவாகியிருந்தது. அதில் சாகுபடி நிலம் 44.8 லட்சம் ஹெக்டேர்; மீதி 28 லட்சத்துச் சொச்சம், காட்டில் தேனும் மூலிகையும் சேகரிக்கும் பகுதி. உலக அறிக்கை சாகுபடி நிலத்தை மட்டும் வேளாண் பரப்பாக எடுத்துக்கொள்கிறது. ஒருவர் 73 என்றும் மற்றொருவர் 45 என்றும் சொன்னால், பொய் சொல்பவர் யார் என்று தேட வேண்டாம். இவை தவிர, வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று தனியே உள்ளது. அதில் உழவர்கள் ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுச் சான்று அளிக்கிறார்கள். அந்தப் பரப்பு இந்த 44.8 லட்சத்தில் அடங்காது. ஏற்றுமதிக்குப் போகாத நம் பக்கத்துச் சிறு உழவருக்கு அந்த முறையே ஏற்றது என்பது என் கருத்து. உலக அறிக்கையின் மொத்தக் கணக்கில் அவர் தெரியமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அங்ககப் பொருள் விற்பனை உலகில் இத்தனை கோடி யூரோ என்று எப்படிச் சொல்கிறார்கள்? என் கடையில் யாரும் கேட்டதில்லையே. (அங்காடி உரிமையாளர், கடலூர் முதுநகர்)

பதில்: பரப்பைவிட விற்பனைக் கணக்கு மிகவும் தளர்வானது. 2023ஆம் ஆண்டுக்குச் சில்லறை விற்பனை 13,600 கோடி யூரோ என்று கூறப்பட்டது. பெரிய அங்காடிகளின் கணினி ரசீதுகள் திரளும் அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் இந்த எண்ணுக்கு உறுதி அதிகம். உழவர் சந்தையில் சாக்கை விரித்து விற்கும் கீரையும், வீட்டுக்கே வந்து அளந்துபோகும் மாப்பிள்ளைச் சம்பா அரிசியும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை. ஏற்றுமதி இறக்குமதியிலும் சிக்கல் உண்டு. உலகச் சுங்கத் துறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆறு இலக்கக் குறியீட்டில் அங்கக அரிசிக்கும் மற்ற அரிசிக்கும் ஒரே எண்தான். அமெரிக்கா சில பொருள்களுக்கு மட்டும் தனிக் குறியீடு வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதிச் சரக்கோடு வரும் மின்னணு ஆய்வுச் சான்றிலிருந்து அளவைக் கூட்டிக்கொள்கிறது. இந்தியாவில் ஒவ்வொரு சரக்குக்கும் அபெடா திட்டத்தின்கீழ் தரப்படும் பரிவர்த்தனைச் சான்று அந்த வேலையைச் செய்கிறது. ஏற்றுமதி விவரம் துல்லியமாகவும் உள்நாட்டு விற்பனை மங்கலாகவும் தெரிவதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, புதுச்சேரியிலும் அதை ஒட்டிய கடலூர்க் கிராமங்களிலும் அங்கக நிலங்களைக் கணக்கெடுக்க விரும்புகிறோம். எதில் கவனம் வேண்டும்? (மாணவி, லாஸ்பேட்டை)

பதில்: முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள். புதுச்சேரி நிலமும் தமிழக நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும் பகுதி இது. பாகூரில் குடியிருப்பவரின் வயல் கடலூர் மாவட்டத்தில் இருக்கலாம். ஆள் குடியிருக்கும் ஊரைக் கொண்டு எழுதாமல், நிலத்தின் சர்வே எண் எந்த ஊரில் உள்ளதோ அந்த ஊரில் எழுதுங்கள். அரசு அறிக்கையில் புதுச்சேரி என்றால் காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவையும் அடங்கும் என்பதால் அதனோடு உங்கள் எண்ணை நேராக ஒப்பிட முடியாது.

அடுத்தது அளவு. உழவர்கள் காணியில் சொல்வார்கள். காணி ஏறக்குறைய 1.32 ஏக்கர், ஹெக்டேர் 2.47 ஏக்கர். குழிக்கணக்கு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், சொன்ன அளவை அப்படியே குறித்துக்கொண்டு, பட்டாவைப் பார்த்த பிறகு ஹெக்டேராக மாற்றுங்கள்.

இரட்டைக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, ஈரம் காயுமுன் உளுந்து தெளிப்பார்கள். நிலப்பரப்புக் கணக்கில் அந்த ஒரு ஏக்கர் ஒரு ஏக்கர்தான்; பயிர்வாரிக் கணக்கில் நெல்லுக்கு ஒன்று, உளுந்துக்கு ஒன்று. இரண்டையும் ஒரே அட்டவணையில் கூட்டிவிடாதீர்கள். ஒரே நிலத்துக்கு இந்தியச் சான்றும் வெளிநாட்டுச் சந்தைக்கான சான்றும் சேர்ந்து இருக்கலாம்; உலக அறிக்கையைத் தொகுப்பவர்களுக்கே இது தொல்லை தரும் விஷயம். அரிசி ஆலையும் ஏற்றுமதியாளரும் சான்று பெற்றிருப்பார்கள், அவர்களை உழவர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

முழுச் சான்று, மாறுதல் காலம், பங்கேற்பு உத்தரவாதம், சான்றின்றி அங்கக முறையில் பயிரிடுவோர் என அட்டவணையில் நான்கு பத்திகள் வைத்து, கடைசிப் பத்தியில் உள்ளவர் எத்தனை ஆண்டுகளாக, எந்தெந்த இடுபொருளைத் தவிர்க்கிறார் என்பதையும் எழுதுங்கள். முதல் இரண்டு பத்திகளுக்குக் கடலூர்ப் பக்கத்தில் தமிழக அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையிடமே விவரம் கிடைக்கும். உங்கள் உழைப்பு முழுவதும் நான்காம் பத்திக்கே தேவைப்படும். பாகூர் வாசகரைப் போன்றவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.