மகனுக்கு வேக்போர்டு: எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, எடை 55 கிலோ. கணவர் 88 கிலோ. 90 குதிரைத்திறன் என்ஜின் உள்ள பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறோம். வார இறுதியில் ஹேசல்மியர் அணைக்குப் போவோம். டிசம்பர் விடுமுறைக்குள் வேக்போர்டு (படகு இழுக்க, நின்றபடி தண்ணீரில் சறுக்கும் பலகை) வேண்டும் என்று மகன் நச்சரிக்கிறான். கடையில் விலை கூடிய பலகை ஒன்றையும், மெல்லிய இம்பாக்ட் வெஸ்ட் ஒன்றையும் காட்டினார்கள். வீட்டில் கிடக்கும் பழைய வாட்டர் ஸ்கீ கயிறே போதும் என்கிறார் கணவர். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பலகை சரிப்படுமா?
— ஒரு தாய், டோங்காட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடையில் எல்லோர் கண்ணும் முதலில் பலகை மேல்தான் போகும். நீங்கள் கடைசியில் பாருங்கள். முதலில் லைஃப் ஜாக்கெட், அடுத்து காலை மாட்டும் பைண்டிங், அப்புறம் கயிறு. மிச்சம் பிடிப்பதென்றால் பலகையில் பிடிக்கலாம்.

அந்த இம்பாக்ட் வெஸ்ட்டை வாங்காதீர்கள். வேகமாக விழும்போது விலாவில் படும் அடியைக் குறைக்க வந்த உடை அது. மயங்கி விழுந்த பிள்ளையைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும் அளவுக்கு அதில் மிதப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. அணையில் படகுக்குப் பின்னால் போகிறவனுக்கு, தென்னாப்பிரிக்கக் கடல்சார் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவின் அங்கீகாரம் உள்ள, வாட்டர் ஸ்கீக்கென்றே தைத்த லைஃப் ஜாக்கெட்தான் வேண்டும். கடையிலேயே மாட்டி, எல்லா பக்கிளையும் போட்டபின், இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது. ‘வளர்கிற பையன், கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்’ என்று பள்ளிச் சீருடை வாங்குவதுபோல இதை வாங்கவே கூடாது.

பைண்டிங் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். விழும்போது கணுக்காலும் முழங்காலும் தப்புவது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. இரண்டு காலும் ஒன்றாகப் பலகையில் இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஒன்றாகக் கழன்றுவர வேண்டும். தளர்வான பைண்டிங்கில் ஒரு கால் கழன்று, மற்றது மாட்டிக்கொள்ளும். அப்போது பலகையின் இழுப்பு முழுவதும் அந்த ஒரு முழங்காலில் இறங்கும். மகனை மாட்டச் சொல்லி, முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். குதிகால் எழும்பக் கூடாது, விரல் மரத்துப்போகவும் கூடாது. விரல் பக்கம் திறந்த பைண்டிங் என்றால் இரண்டு மூன்று சைஸ் கால்களுக்குப் பொருந்தும், அப்பாவும் மகனும் பகிர்ந்துகொள்ளலாம். இருவர் சைஸும் ரொம்பவே தள்ளியிருந்தால் மகன் காலுக்குப் பொருந்துவதை வாங்குங்கள், அதிகம் ஓட்டப்போவது அவன்தானே. ஆரம்பத்தில் இரண்டு பைண்டிங்கையும் தோள் அகலத்துக்கு வைத்து, பாதங்கள் பக்கத்துக்கு 9 டிகிரி அளவில் வெளிநோக்கி இருக்கும்படி திருகினால் போதும்.

கயிறு விஷயத்தில் உங்கள் கணவரோடு நான் உடன்படவில்லை. வாட்டர் ஸ்கீ கயிறு இழுத்தால் நீளும். வேக்போர்டில் பக்கவாட்டில் சாய்ந்து இழுக்கும்போது அந்த நீட்சி ஆளைத் தடுமாற வைக்கும், கையை விட்டால் கைப்பிடி படகுப் பக்கம் சுண்டி வரும். நீளாத வகைக் கயிறாக, 18 மீட்டர் அளவில், இடையிடையே கழற்றிச் சுருக்கக்கூடியதாக வாங்குங்கள். பழகும்போது 12 முதல் 15 மீட்டர் போதும். வேக்போர்டு கைப்பிடி ஸ்கீ கைப்பிடியைவிட அகலமாக, சுமார் 38 சென்டிமீட்டர் இருக்கும். நைந்த கயிற்றை முடிச்சுப் போட்டு ஓட்ட வேண்டாம், முடிச்சு விழுந்த இடத்தில்தான் கயிறு அறும்.

சரி, பலகைக்கு வருவோம். நீளத்தை உயரத்தை வைத்துப் பார்ப்பதில்லை, எடையை வைத்துத்தான். மகனுக்கு மட்டும் என்றால் 134 சென்டிமீட்டர் பக்கம். கணவருக்கு மட்டும் என்றால் 140க்கு மேல். இருவருக்கும் ஒன்று என்றால் 138, 139 பார்க்கலாம். பெரிய பலகை சின்னவனைத் தாங்கும், திரும்பத்தான் கொஞ்சம் மந்தம். சின்னப் பலகை பெரியவரை எழும்பவிடாது. ஒவ்வொரு கம்பெனியும் எடை அட்டவணை போட்டிருக்கும், அதையும் பாருங்கள். அடிப்பாகம் முனையிலிருந்து முனைவரை ஒரே சீராக வளைந்ததாக இருந்தால் பழகுகிறவனுக்கு நல்லது. நடுவில் தட்டையாகி இருபுறமும் சட்டென்று எழும் வகை உயரத் தூக்கும், இறங்கும்போது அடியும் பலமாக இருக்கும். அது பிறகு. படகில்லாமல் மேலே ஓடும் கம்பிவடம் ஆளை இழுக்கும் கேபிள் பார்க்குக்கென்று செய்த பலகைகளில், அடியில் உள்ள துடுப்பு (ஃபின்) சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. படகுக்குப் பின்னால் ஆரம்பிக்கிறவன் அதில் வழுக்கிக்கொண்டே இருப்பான்.

பழைய பலகை தாராளமாக வாங்கலாம். ஓரத்தில் விரிசல், மேல்தோல் உப்பல், திருகுத் துளையில் துரு மூன்றும் இல்லையென்றால் போதும்.

படகிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கயிற்றைப் படகின் பக்கவாட்டில் உள்ள கட்டையில் கட்டக் கூடாது, பின்புறம் இழுவைக்கென்று உள்ள இரண்டு வளையங்களில் இணைக்க வேண்டும். கயிற்றை உயரத்தில் கட்டுவதற்கான டவர் எல்லாப் படகுக்கும் பொருந்தாது, இப்போதைக்கு அது வேண்டியதில்லை. அலை பெரிதாக வரும் என்று ஆளையும் மூட்டையையும் ஏற்றி, படகின் தகட்டில் எழுதிய சுமையைத் தாண்டாதீர்கள். பழகும் பையனுக்கு மணிக்கு 26 முதல் 30 கிலோமீட்டர் வேகம் போதும். பெருமழைக்குப் பிறகு சில நாள் அணைப் பக்கமே போக வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த டோங்காட்காரர்களுக்கு ஆறு எதையெல்லாம் அடித்துவரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

15 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட என்ஜினை ஓட்டத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். கணவரிடம் இல்லையென்றால் பலகைக்கு முன்னால் அதை எடுத்துவிடட்டும். ஓட்டுபவர் முன்னால் பார்க்க, பின்னால் மகனை மட்டுமே பார்த்திருக்க இன்னொருவர் படகில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தில் நீங்களே உட்காருங்கள். அவன் விழுந்ததும் கொடியை உயர்த்துங்கள், அவன் படகை நெருங்கியதும் என்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் போட்டால் போதும் என்று கணவர் சொன்னாலும் கேட்காதீர்கள்.