சென்னையில அரசு ஐடிஐ சேர எவ்வளவு செலவாகும்? எந்த மாதிரி பசங்க படிப்பாங்க, எந்த டிரேடு (தொழில் பிரிவு) எடுக்கலாம்? தம்பி பத்தாவதுல மார்க் கம்மி.

நான் 2015ல சென்னையில ஒரு அரசு ஐடிஐல ஃபிட்டர் சேர்ந்து ரெண்டு வருஷம் படிச்சவன், அதனால சொல்றேன்.

முதல்ல காசு. அப்ளிகேஷனுக்கு 50 ரூபா. டியூஷன் ஃபீஸ் கிடையாது. புக், யூனிஃபார்ம், ஷூ, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் கவர்மெண்டே குடுக்குது, அதுக்கு மேல மாசம் 750 ரூபா உதவித்தொகை (நாங்க படிச்சப்ப 500). தம்பி ஆறாவதுல இருந்து அரசு பள்ளின்னா தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 தனியா வரும். எங்க மாமா பையன் இது எதுவும் தெரியாம ஒரு பிரைவேட்ல 40 ஆயிரம் கட்டி சேர்ந்தான், அங்க லேத் இருந்துச்சு, அதுக்கு கரண்ட் கனெக்ஷனே இல்ல, வருஷம் பூரா நோட்டுல படம் வரைஞ்சிட்டு வந்தான். இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது. பிரைவேட்தான் கிடைக்குதுன்னா பணம் கட்றதுக்கு முன்னாடி ஒர்க்‌ஷாப் உள்ள போய் மெஷின் ஓடுதான்னு கண்ணால பாருங்க, அந்த டிரேடுக்கு என்சிவிடி (மத்திய அரசோட தொழிற்பயிற்சி) அங்கீகாரம் இருக்கான்னும் கேளுங்க.

மார்க் கம்மியான பசங்கதான் வருவாங்கன்னு எங்க வீட்லயும் சொன்னாங்க. எங்க பேட்ச்ல 20 பேர். திருவள்ளூர்ல இருந்து விடியக்காலை டிரெயின் புடிச்சு வர்றவன், பிஎஸ்சி பாதியில விட்டவன், நைட் கோயம்பேட்டுல லோடு இறக்கிட்டு அப்படியே கிளாஸுக்கு வர்றவன், கல்யாணமாகி குழந்தை இருந்த 34 வயசு அண்ணன் ஒருத்தர். ஆம்பளைங்களுக்கு 40 வயசு வரைக்கும் சேரலாம், பொம்பளைங்களுக்கு உச்ச வயசே கிடையாது. அந்த அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்தாரு.

ஃபிட்டர்னா முதல்ல மாசக்கணக்குல அரம்தான். எம்எஸ் பிளாட்ட (இரும்புப் பட்டைய) வைஸ்ல கட்டி ராவிக்கிட்டே இருக்கணும், உள்ளங்கை கொப்புளிச்சிரும். முடிஞ்சுதுன்னு கொண்டு போனா ஜேடிஓ சார் (எங்களுக்கு டிரேடு சொல்லிக் குடுத்த வாத்தியார்) மூலைமட்டத்த வச்சு ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிப்பாரு, நடுவுல கோடு மாதிரி வெளிச்சம் தெரியும், "திரும்ப ராவு"ன்னு குடுத்துருவாரு. வெளிச்சம் தெரியாத மாதிரி நான் முதல் தடவை ராவின அன்னைக்கு சார் ஒண்ணும் சொல்லாம அடுத்த பீஸ எடுத்துக் குடுத்தாரு, அந்த சந்தோஷம் எனக்கு பத்தாவது பாஸ் ஆனப்ப கூட வரல.

டிரேடு விஷயம். வெல்டர் ஒரு வருஷம். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் ரெண்டு வருஷம். இந்த ஊர் வெயிலுக்கு ஏசி மெக்கானிக்குக்கு வேலை இல்லாம போகாது, சொந்தமாவும் பண்ணலாம். டாடா டெக்னாலஜிஸோட சேர்ந்து 71 அரசு ஐடிஐல ரோபோடிக்ஸ், சிஎன்சி, எலக்ட்ரிக் வண்டி மெக்கானிக்னு புதுசா கொண்டு வந்திருக்காங்க, அது கிடைச்சா யோசிக்காம எடுங்க. ஆனா தம்பிக்கு எதுல கை போகுதுன்னு அவன்கிட்டயே கேளுங்க, வீட்ல ஃபேன் ரிப்பேர்னா அவன் ஸ்டூல் போட்டு ஏறுறானான்னு பாருங்க. அப்புறம் லீவு போட விடாதீங்க, 80 பர்சென்ட் அட்டென்டன்ஸ் இல்லன்னா பரீட்சை எழுத முடியாது.

முடிச்சதும் நான் ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி தொழிற்சாலை) அப்ரண்டிஸ் போனேன். மேல படிக்கணும்னா ரெண்டு வருஷ டிரேடு முடிச்சிட்டு பாலிடெக்னிக்ல நேரா செகண்ட் இயர் சேரலாம், எங்க பேட்ச்ல மூணு பேர் அப்படித்தான் போனாங்க.

டிசி, மார்க் ஷீட், ஜாதி சர்டிபிகேட் மூணையும் இப்பவே எடுத்து வச்சிருங்க, கடைசி நேரத்துல அலையாதீங்க.