மாதம் தவறாமல் வட்டி வருகிறதே, அப்புறம் எப்படி மோசடி?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சமீபத்தில் ஓய்வு பெற்றவர். மைத்துனர் சொன்னார் என்று ஒரு தனியார் 'டிரேடிங்' நிறுவனத்தில் 5 லட்சம் போட்டிருக்கிறார். மாதம் 2.5 சதவீதம், அதாவது 12,500 ரூபாய், 18 மாதமாக 5-ஆம் தேதி தவறாமல் கணக்கில் விழுகிறது. இப்போது பி.எப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 22 லட்சம் கையில் இருக்கிறது, அதையும் போடச் சொல்கிறார்கள். கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷனும் உண்டாம். "மகள் இதைப் போன்ஸி திட்டம், பின்னால் சேருகிறவர்கள் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவர்களுக்கு லாபம் என்று கொடுக்கிறார்கள் என்கிறாள். ஒரு மாதம்கூடப் பணம் நிற்கவில்லையே, இதை எப்படி மோசடி என்று சொல்வது? என்னைப் போன்ற சாதாரண ஆள் கண்டுபிடிக்க வழி உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு சார். முதலில் அந்த 22 லட்சத்தை எதிலும் போடாமல் வங்கியிலேயே வைத்திருங்கள். அப்புறம் ஒரு பேப்பரை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,500 வீதம் 18 மாதத்தில் உங்களுக்கு வந்தது 2,25,000. நீங்கள் கொடுத்தது 5 லட்சம். ஆக உங்கள் பணத்திலேயே இன்னும் 2,75,000 அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எந்த வியாபாரமும் செய்யாமல், உங்கள் பணத்தை ஒரு பீரோவில் வைத்து மாதாமாதம் எடுத்துக் கொடுத்தாலே 40 மாதம் ஓட்டலாம். பதினெட்டு மாதம் ஒழுங்காக வந்ததை நீங்கள் நாணயத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள், ஆனால் இன்றைய தேதி வரை உங்களுக்கு ஒரு ரூபாய்கூட லாபம் கைக்கு வரவில்லை.

மகள் சொன்ன பெயருக்குச் சொந்தக்காரரான சார்லஸ் போன்ஸியும் கெடு தவறாமல் கொடுத்தவர்தான். இத்தாலியில் பிறந்து 1903-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்தவர். 1919-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் சர்வதேசப் பதில் கூப்பன் ஒன்று இருந்தது. வெளிநாட்டுக்கு எழுதுகிறவர் பதில் தபாலுக்கான செலவைத் தானே கொடுக்க, ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு அது. முதல் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பிய நாணயங்கள் சரிந்து கிடந்தன, ஆகவே அங்கே மலிவாக வாங்கி அமெரிக்காவில் கூடுதல் மதிப்புக்கு மாற்றலாம் என்பது அவருடைய யோசனை. யோசனை காகிதத்தில் உண்மைதான். இந்த மாதிரித் திட்டங்களில் எப்போதும் இப்படி ஒரு உண்மைத் துளி இருக்கும், அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார், அவர்கள் ஊரெல்லாம் போய்ச் சொன்னார்கள், 1920 கோடையில் அவர் அலுவலக வாசலில் வரிசை நின்றது.

ஜூலை கடைசியில் கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் பாஸ்டன் போஸ்ட் நாளிதழ் வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன்ஸி வாங்கியிருக்கும் பணத்துக்கு ஈடாக எத்தனை கூப்பன் வேண்டும்? சுமார் 16 கோடி. அப்போது உலகத்தில் புழக்கத்தில் இருந்தது? சுமார் 27,000. போன்ஸியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமலே விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். செய்தி வந்ததும் கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வந்தது. போன்ஸி ஓடி ஒளியவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காபியும் டோனட்டும் கொடுத்து, சிரித்துப் பேசி, கேட்டவர்களுக்கெல்லாம் மூன்று நாளில் சுமார் 20 லட்சம் டாலர் திருப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்தே பலர் "இவர் நல்ல மனுஷன்" என்று பணத்தை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 12 அன்று, அவர் கைதானார். அதற்கு முந்தைய நாள்தான் கனடாவின் மாண்ட்ரியலில் காசோலை மோசடிக்காக அவர் ஏற்கெனவே சிறைக்குப் போனவர் என்ற செய்தி வந்தது. கடைசிவரை நம்பியிருந்தவர்களுக்குப் போட்டதில் பாதிகூடத் தேறவில்லை.

"45 நாளில் 50 சதவீதம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும், எனக்கு 2.5 தானே" என்று நீங்கள் நினைக்கலாம். இதே மாதிரி மோசடி செய்து 2008-இல் பிடிபட்ட பெர்னார்ட் மேடாஃப் அதைவிடக் குறைவாகக் கொடுத்தவர். வருஷத்துக்கே 10, 12 சதவீதம்தான். நியூயார்க்கில் நாஸ்டாக் பங்குச்சந்தையின் தலைவராகவே இருந்தவர், ஆளைப் பார்த்தால் சந்தேகப்பட எதுவும் இல்லை. பணம் கொடுத்தால்கூட எளிதில் வாங்கமாட்டார், யாராவது சிபாரிசு செய்ய வேண்டும். அந்தச் சிபாரிசு பெரும்பாலும் ஒரே கிளப்பில், ஒரே சமூகத்தில் பழகியவர்கள் வழியாகவே வந்தது. உங்களுக்கு மைத்துனர் வழியாக வந்தது போல. மைத்துனர்மேல் தப்பில்லை, அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் உங்கள்மேல் வைத்திருக்கும் பாசம் அந்தக் கம்பெனியின் கணக்கைச் சரிபார்த்துவிடாது.

மேடாஃப் விஷயத்தில் ஹாரி மார்க்கோபோலோஸ் என்ற நிதி ஆய்வாளரைச் சந்தேகிக்க வைத்தது வட்டி விகிதம் இல்லை, அதன் ஒழுங்கு. பதினான்கு வருஷத்துக்கும் மேலாகப் பங்குச்சந்தை ஏறி இறங்கிக்கொண்டிருக்க, மேடாஃப் கணக்கில் நஷ்டமான மாதங்கள் ஏழே ஏழு. மார்க்கோபோலோஸும் பாரன் கேட்ட கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்டார்: மேடாஃப் செய்வதாகச் சொல்லும் ஆப்ஷன் (பங்குகளைக் குறித்த விலைக்குப் பின்னால் வாங்க, விற்க உரிமை தரும் ஒப்பந்தம்) வியாபாரத்துக்குச் சந்தையில் அவ்வளவு சரக்கு இருக்கிறதா? இல்லை. 2000-லிருந்தே அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2008 நெருக்கடியில் வாடிக்கையாளர்கள் சுமார் 700 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டபோது கொடுக்கப் பணம் இல்லை. அந்த டிசம்பர் 11 அன்று கைது, அடுத்த வருஷம் 150 ஆண்டு சிறைத் தண்டனை. காகிதத்தில் இருந்த 6,500 கோடி டாலர் அத்தனையும் எழுத்து மட்டும்தான். அத்தனை பெரிய கணக்கைத் தணிக்கை செய்ததாகக் கையெழுத்துப் போட்டவர் புறநகரில் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்த டேவிட் ஃப்ரீலிங். அவரோ தான் எந்த ஆடிட்டும் செய்வதில்லை என்று தணிக்கையாளர் சங்கத்துக்கு வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்து வந்தவர். நானும் ஆடிட்டர் என்பதால் இந்த ஒரு விஷயம் இன்றைக்கும் உறுத்துகிறது, ஒரு போன் போட்டு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சரி, நீங்கள் கேட்ட வழிக்கு வருகிறேன். எந்த டிரேடிங், எந்த மார்க்கெட், போன வருஷம் எந்த மாதத்தில் நஷ்டம் வந்தது என்று அவர்களிடம் கேளுங்கள். டிரேடிங் செய்கிற யாருக்கும் நஷ்ட மாதம் இருக்கும். "எங்களுக்கு நஷ்டமே வராது" என்றால் அந்தப் பதிலே போதும். அடுத்து, கடைசி வருஷத்துத் தணிக்கை செய்த பேலன்ஸ் ஷீட் கேளுங்கள். 2019-லிருந்து ஆடிட்டர் கையெழுத்தோடு யூ.டி.ஐ.என். என்ற, அந்த ஆவணத்துக்கே உரிய 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும், அதைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்தில் பாருங்கள். அனுமதி பெற்ற நிதி நிறுவனமே டெபாசிட்டுக்கு வருஷம் 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்கு வருவது 30 சதவீதம். இல்லை, இது டெபாசிட் கிடையாது, பங்குச்சந்தை முதலீடு என்று பேச்சை மாற்றினால், அதில் நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுக்கவே, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபி அனுமதிப்பதில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர்கள் உங்களுக்குச் சொன்னது சட்டத்துக்குள் வராது.

அசலைக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில். இந்த மாதமே 5 லட்சமும் வேண்டும் என்று. "இப்போது எடுத்தால் போனஸ் போய்விடும்", "மூன்று மாதம் பொறுங்கள்", "அசலுக்குப் பதில் இடம் எழுதித் தருகிறோம்" என்று பதில் வந்தால் நாள் கடத்தாதீர்கள். ஒருவேளை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டால் வாங்கி வங்கியில் போடுங்கள், "ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்களே" என்று திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பாஸ்டனில் அந்த மூன்று நாளில் பலர் ஏமாந்ததும் இப்படி ஒழுங்காகக் கொடுத்ததைப் பார்த்துத்தான்.

கொடுக்கவில்லை என்றால் ரசீது, புரோ நோட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-இல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தை முடக்க வழி இருக்கிறது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்களும் இந்தச் சட்டத்தைத்தான் நம்பிப் போனார்கள். அங்கே கோழி கண்முன்னால் நின்றது, தீவனமும் வந்தது, ஆனால் ஈமு கறிக்கு அவ்வளவு பெரிய சந்தை நாட்டில் இல்லை. இப்படிப்பட்ட வழக்கு முடிய வருஷக்கணக்கில் ஆகிறது. சொத்து மிச்சம் இருக்கும்போதே போகிறவர்களுக்குத்தான் ஏதாவது கிடைக்கும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அந்த இரண்டு நண்பர்கள் விஷயம். உங்கள் கணக்கில் விழும் 12,500 உங்கள் சொந்தப் பணமாக இல்லையென்றால், உங்களுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருடைய ஓய்வுப் பணம். நீங்கள் சேர்த்துவிட்டால் அது அவர்களுடைய பணமாக இருக்கும், நாளைக்கு ஏஜென்ட் என்று உங்கள் பெயரும் புகாரில் ஏறலாம். மேடாஃப் வழக்கில் பணத்தை மீட்க நீதிமன்றம் நியமித்த டிரஸ்டி இர்விங் பிக்கார்ட், போட்டதைவிட அதிகம் எடுத்தவர்கள்மேலேயே வழக்குப் போட்டுத்தான் பெரும் பகுதியை மீட்டார். நீங்கள் ஏற்கெனவே அவர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருந்தால், கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அந்த இரண்டு பேருக்கும் இன்றைக்கே போன் செய்து பணம் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.