மடிப்பில் ஈரம் தங்கக் கூடாது

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று மாத இங்கிலீஷ் புல்டாக் குட்டி இருக்கிறது. இரண்டாவது மாடி ஃபிளாட். தினமும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியும் முகத்தில் புளித்த வாடை போகவில்லை. பால்கனிக்குத் தூக்கிப் போனால் சும்மா நிற்கிறது. ஹாலுக்குள் வந்ததும் மூச்சா போய்விடுகிறது. மூக்கை அதில் வைத்துத் தேய்த்தால்தான் புத்தி வரும் என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் தினமும் குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். உங்கள் குட்டியின் வாடைக்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணமாக இருக்கும். மூக்குக்கு மேலே கயிறு மாதிரி தடித்து ஒரு மடிப்பு இருக்கிறதே, அதை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே தோல் நசநசவென்று இருக்கும், பழுப்பாக ஏதோ படிந்திருக்கும். கண்ணீர், எச்சில், சாப்பாட்டுத் துணுக்கு, குளிக்கும்போது புகுந்த தண்ணீர் எல்லாம் அங்கே தங்கிவிடுகின்றன. காற்றுப் படாத அந்த இடத்தில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சுலபமாகப் பெருகும். தினசரி ஷாம்பூ தோலின் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுவதால் அரிப்பு வேறு சேர்ந்துகொள்ளும்.

குளியல் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும், நாய்களுக்கான ஷாம்பூவில். அதற்குப் பதிலாக ஒவ்வொரு மடிப்பையும் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் உலர்ந்த பருத்தித் துணியால் ஈரம் சுத்தமாகப் போகும்வரை ஒற்றி எடுங்கள். பலரும் இந்த இரண்டாவது வேலையை விட்டுவிடுகிறார்கள். டெட்டால், முகப்பவுடர் எதுவும் வேண்டாம். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து மடிப்புக்குள் கட்டிதட்டும். வாலுக்கு அடியிலும் சில புல்டாக்குகளுக்கு ஒரு குழி இருக்கும், அதையும் இப்படியே துடைக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் வாயோரத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். நகத்தை நுனி மட்டும் வெட்டுங்கள். பாதத்தை இப்போதிருந்தே அடிக்கடி தொட்டுப் பழக்கினால் பெரியதான பிறகு முரண்டு பிடிக்காது.

சரி, மூச்சா விஷயத்துக்கு வருவோம். உங்கள் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: மூக்கைத் தேய்த்தால், ஆள் பார்க்கும்போது மூச்சா போகக் கூடாது என்பதைத்தான் குட்டி கற்றுக்கொள்ளும். அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வரும். பால்கனியில் உங்கள் முன்னால் போகவும் பயப்படும். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்கவே முடியாது, ஓடி விளையாடும்போது அதுகூட முடியாது. அதனால் அதைத் திருத்துவதை விட நேரத்தைப் பிடிப்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாட்டு முடிந்ததும் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். திடீரென்று விளையாட்டை விட்டுத் தரையை முகர்ந்து வட்டமடித்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காதீர்கள்.

பால்கனியில் ஒரு மூலையில், நிழலாகப் பார்த்து, மண்ணோ புல்லோ போட்ட தட்டு வையுங்கள். அதன் மூச்சா பட்ட காகிதத் துண்டு ஒன்றை அதில் போட்டால் இடம் சீக்கிரம் புரியும். பால்கனிக்குக் கொண்டுபோனதும் கொஞ்ச வேண்டாம், விளையாட்டும் காட்ட வேண்டாம். பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். போகவில்லையா? உள்ளே கொண்டுவந்து கீழே விடாமல் மடியிலேயே வைத்திருந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கொண்டுபோங்கள். போய் முடித்த அந்த நொடியில், அதே இடத்தில் பாராட்டித் தின்பண்டம் கொடுங்கள். உள்ளே வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

ஹாலைத் துடைக்க ஃபினாயில் வேண்டாம். புல்டாக்கின் வயிறு தரையோடு கிடக்கும், உடம்பில் பட்டதை நக்கும். நாய் மூத்திர வாடை நீக்க என்றே என்சைம் கலந்த திரவம் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்பவும் போகும்.

தடுப்பூசி முழுவதும் போட்டு முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றும் பயம் இருக்கிறது. முடித்த பிறகும் திருச்சி வெயிலில் விடிகாலை நடைதான் சரி. மூக்கு சப்பையான இனம், மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க அதனால் சரியாக முடிவதில்லை.

மடிப்பு சிவந்து ரணமானாலோ, சொட்டுச் சொட்டாக அடிக்கடி மூச்சா போனாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முதலாவது தோல் தொற்றாக இருக்கலாம். இரண்டாவது சிறுநீர்த் தொற்றாக இருந்தால் எவ்வளவு பழக்கினாலும் குட்டியால் அடக்க முடியாது.